பேனா பிஎச் மீட்டர்: திரையில் தெரியும் இரண்டாவது தசமத்தை நம்பலாமா?

கையடக்கமான பிளாஸ்டிக் உடல், கீழே ஒரு மூடி, மூடியைக் கழற்றினால் பட்டாணி அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ், மேலே சின்னத் திரை, அளவுதிருத்த ஒரு பட்டன், உள்ளே இரண்டோ மூன்றோ பட்டன் பேட்டரி, கூடவே மூன்று தாங்கல் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்) பொடிப் பொட்டலங்கள். பிஎச் என்பது திரவம் எவ்வளவு அமிலம் அல்லது காரம் என்று சொல்லும் எண்; குறையக் குறைய அமிலம், கூடக் கூடக் காரம். பேனா பிஎச் மீட்டர் என்று பல பெயர்களில் விற்பவற்றில் பெரும்பாலானவை இதே அச்சில் வார்த்தவைதான். அதனால் இந்த மதிப்புரையை ஒரு பெயருக்கு என்றில்லாமல் வகை முழுவதற்குமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒழுங்காக அளவுதிருத்தி (பிஎச் தெரிந்த தாங்கலில் முக்கி எண்ணைச் சரிசெய்து), குமிழைக் காயவிடாமல் வைத்திருந்தால் இந்த மீட்டரை 0.1 பிஎச் வரை நம்பலாம். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 0.01 என்பது திரை எவ்வளவு நுணுக்கமாக எண் காட்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. துல்லியம் என்ன என்பது கையேட்டில் வேறொரு மூலையில், பெரும்பாலும் கூட்டல் கழித்தல் 0.05 அல்லது 0.1 என்று சிறிய எழுத்தில் கிடக்கும். வாங்குவதற்கு முன் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.

0.1 என்பது அற்ப வித்தியாசம்போலத் தோன்றலாம். பிஎச் மடக்கை அளவு என்பதால் 0.1 மாறினால் ஹைட்ரஜன் அயனியின் அளவு சுமார் 26 சதவீதம் மாறியிருக்கும். 0.3 மாறினால் இரண்டு மடங்கு. 1 மாறினால் பத்து மடங்கு. இந்த அளவுகோலை 1909-இல் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் கொண்டுவந்தார். மிகச் சிறிய எண்களை எழுதி மாளாமல் அவர் கண்டுபிடித்த சுருக்குவழி அது. எழுத வசதி, பெரிய மாற்றத்தைச் சிறியதாகக் காட்டிவிடும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

குமிழுக்குத் தெரிந்தது மில்லிவோல்ட் மட்டும்

கண்ணாடிக் குமிழின் உள்ளே பிஎச் 7 அளவிலான கரைசல் இருக்கிறது. வெளியே நீங்கள் முக்கும் திரவம். இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் அயனி சமமாக இருந்தால் மின்னழுத்தம் ஏறத்தாழ சுழியம். வெளியே பிஎச் 4 என்றால் சுமார் +177 மில்லிவோல்ட், பிஎச் 10 என்றால் சுமார் −177. அதாவது 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட். மீட்டர் அளப்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் உள்ளே இருக்கும் சில்லு போடும் கணக்கு.

சிக்கல் கண்ணாடியின் மின்தடையில் இருக்கிறது. அது பல்லாயிரம் ஓம் கணக்கில் நிற்காது, 5 கோடி ஓமிலிருந்து 50 கோடி ஓம் வரை போகும். 1934-இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்னால்ட் பெக்மன் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க மீட்டர் செய்து கொடுத்தபோது அவர் தீர்த்து வைத்த சிக்கலும் இதுவே: இவ்வளவு தடை வழியே வரும் நூலிழை போன்ற மின்னோட்டத்தைப் பெருக்கிப் படிப்பது. இன்றைய பேனா மீட்டரில் அதே வேலையை ஒரு சிறு சில்லு செய்கிறது. ஆனால் மூடியிடுக்கு வழியாக ஒரு சொட்டு ஈரம் உள்ளே போய்விட்டால் போதும், மின்னோட்டம் குறுக்கு வழியில் கசிந்துவிடும். எதில் முக்கினாலும் 7-ஐ ஒட்டியே எண் நிற்கிறதா? ஒன்று உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது, அல்லது குமிழில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். ஈரம் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓரிரு நாள் உலரவிட்டுப் பார்க்கலாம். விரிசலுக்கு மருந்து இல்லை.

முக்கும்போது குமிழோடு அதன் பக்கத்தில் இருக்கும் சிறு துளையும் (சந்தி: மின்சுற்றின் மறுமுனையான ஒப்பீட்டு மின்முனை திரவத்தைத் தொடும் இடம்) திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். குமிழ் மட்டும் நனைந்தால் மின்சுற்று முழுமையடையாது, எண் தாறுமாறாக ஆடும். உடலில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேலே முக்கினால் மேற்சொன்ன ஈரக் கதைதான். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஆழம் சரியாக இருக்கும்.

அளவுதிருத்தம்: பாதிப் பேர் கோட்டை விடும் இடம்

பொட்டலங்கள் பெரும்பாலும் 4.01, 6.86, 9.18 என்று வரும். சில பெட்டிகளில் 4.01, 7.00, 10.01. இந்த இரண்டு குடும்பத்தையும் கலக்கக் கூடாது. தாங்கலைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும் மீட்டர் 6.86-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது 7.00-இல் முக்கினால், சத்தமில்லாமல் 0.14 பிழையோடு திருத்திக்கொள்ளும். அதன்பிறகு எல்லா அளவும் அதே பிழையைச் சுமக்கும்.

ஒவ்வொரு பொட்டலத்தையும் அதில் அச்சிட்டிருக்கும் அளவு நீரில், வழக்கமாக 250 மில்லிலிட்டரில், கரைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரே வேண்டும். குழாய் நீரில் கரைத்தாலும் போதும் என்று சில கையேடுகள் சொல்கின்றன, கேட்க வேண்டாம். குழாய் நீரில் உள்ள பைகார்பனேட் தாங்கலின் கணக்கையே கெடுக்கும். பொடி காகிதத்தில் ஒட்டிக்கொண்டு மிச்சப்பட்டால் அதையும் நீரால் கழுவி ஊற்றுங்கள். தாங்கல் கரைசல் கொஞ்சம் நீர்த்துப்போனால் அதிகம் மாறாது என்பது உண்மைதான். ஆனால் கூட்டுப்பொருள்களில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் விகிதம் மாறிவிடும்.

முதலில் 6.86. குமிழை வடிநீரில் அலசி, மென்தாளால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கண்ணாடியில் நிலைமின்னூட்டம் ஏறி, எண் ஒரு நிமிடம் வரை அலையும். கரைசலில் முக்கி ஒரு சுழற்று சுழற்றி, எண் நிலைக்கும்வரை 30 முதல் 60 நொடி பொறுத்து, பிறகு பட்டனை அழுத்துங்கள். அடுத்தது 4.01. காரப் பக்கம் அளக்கப் போகிறீர்கள் என்றால் 9.18-உம். 6.86 முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. அது சுழியப் புள்ளியை (மில்லிவோல்ட் சுழியமாகும் இடத்தை) சரிசெய்கிறது; மற்ற இரண்டும் சரிவை (ஒரு பிஎச் அலகுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்பதை) சரிசெய்கின்றன. சுழியம் தவறாக இருக்கையில் சரிவைத் திருத்துவது அடித்தளம் கோணலாக இருக்க மாடி கட்டுவது போன்றது.

குமிழின் உடல்நலத்தைப் பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. மீட்டரைத் தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டுவிட்டு 6.86-இல் மட்டும் திருத்துங்கள். பிறகு 4.01-இல் முக்குங்கள். புதுக் குமிழ் 4.0-ஐ நெருங்கிக் காட்டும். 4.29 காட்டினால் சரிவு 90 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. 4.44-ஐத் தாண்டினால் 85 சதவீதத்துக்கும் கீழே. குமிழைச் சுத்தம் செய்து பாருங்கள், தேறாவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான்.

பயன்படுத்திய தாங்கலைப் புட்டியில் திருப்பி ஊற்ற வேண்டாம். 9.18 காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து நாளடைவில் கீழே இறங்கும். 4.01-இல் பூஞ்சை பிடிக்கும். 6.86 ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

'தானியங்கி வெப்ப ஈடு' என்ற மாயச் சொல்

எல்லாப் பெட்டியிலும் இது இருக்கிறது. எல்லாரும் இதைத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள், கையேடு எழுதியவர்கள் உட்பட. இந்த வசதி திருத்துவது குமிழின் சரிவை மட்டும். 0 டிகிரியில் ஓர் அலகுக்கு 54.2 மில்லிவோல்ட், 50 டிகிரியில் 64.1, அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. சூடேறும்போது திரவத்தின் பிஎச்சே மாறுகிறதே, அதை இது 25 டிகிரிக்கு மாற்றிக் கொடுக்காது. கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் எந்தத் திரவம் என்பது மீட்டருக்குத் தெரியாது.

சுத்தமான நீரையே எடுத்துக்கொள்வோம். நீர் மூலக்கூறுகள் தமக்குள் கொஞ்சம் பிரிந்து ஹைட்ரஜன் அயனியையும் ஹைட்ராக்சைடு அயனியையும் சம அளவில் தருகின்றன. சூடு ஏற ஏறப் பிரிகை கூடும். நடுநிலைப் புள்ளி 0 டிகிரியில் 7.47, 25-இல் 7.00, 50-இல் 6.63, 100-இல் 6.13. வெந்நீர் 6.6 காட்டினால் அது அமிலமாகிவிட்டது என்று பொருளில்லை. ஹைட்ராக்சைடும் அதே அளவு கூடியிருப்பதால் அது இன்னமும் நடுநிலைதான். '7 என்றால் நடுநிலை' என்ற பள்ளிக்கூட வாய்ப்பாடு 25 டிகிரிக்கு மட்டுமே உரியது.

தாங்கல்களும் இதற்கு விலக்கல்ல. போராக்ஸ் தாங்கல் (அந்த 9.18 பொட்டலம்) 10 டிகிரியில் 9.33, 25-இல் 9.18, 40-இல் 9.07. பொட்டலத்தின் பின்பக்கம் அட்டவணை இருந்தால் பாருங்கள். 4.01 தாங்கல் அறை வெப்பநிலைகளில் ஏறத்தாழ அசையாமல் நிற்கும்.

எங்கே ஜெயிக்கிறது

வலுமிக்க அமிலமும் வலுக்குறைந்த அமிலமும் நீரில் எப்படி வேறுபடுகின்றன என்பதைக் கண்ணெதிரே காட்டுவதில் இந்த மீட்டருக்கு ஈடில்லை. 0.1 மோலார் (மோலார் என்பது ஒரு லிட்டரில் எத்தனை மோல் பொருள் என்ற செறிவு அளவு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 1.1 காட்ட வேண்டும். அதே செறிவில் அசிட்டிக் அமிலம் 2.9-ஐ ஒட்டிக் காட்டும். முன்னது முழுக்கப் பிரிந்துவிடுகிறது. பின்னதில் நூற்றுக்கு ஒன்றேகால் மூலக்கூறுதான் பிரிகிறது. இரண்டையும் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். முதலாவது ஏறத்தாழ 1 ஏறி 2.0-ஐத் தாண்டும். இரண்டாவது பாதிதான் ஏறும், 3.4. நீர் கூடக் கூட அசிட்டிக் அமிலம் மேலும் பிரிந்து, இழந்ததில் ஒரு பங்கை ஈடுகட்டிவிடுகிறது. 0.001 மோலாரில் 3.9 வரும்போது பிரிகை 12 சதவீதத்தைத் தொட்டிருக்கும்.

நீர்த்துக்கொண்டே போனால் அமிலம் ஒரு கட்டத்தில் காரமாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கோடியில் ஒரு பங்கு மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 7 இல்லை, சுமார் 6.8. அதற்கும் பத்து மடங்கு குறைத்தால் 6.98. எட்டாகாது, அந்த நிலையில் நீரே தரும் ஹைட்ரஜன் அயனி முன்னால் வந்து நிற்கிறது. இந்த அளவை மட்டும் மீட்டரில் சரிபார்க்க முயல வேண்டாம். காற்று விடாது, ஏன் என்று கீழே வருகிறது.

மீட்டருக்குத் தெரியாதது ஒன்று உண்டு: மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது. மேற்சொன்ன இரண்டு 0.1 மோலார் அமிலங்களிலும் 25 மில்லிலிட்டர் எடுத்தால், நடுநிலையாக்க இரண்டுக்கும் அதே 25 மில்லிலிட்டர் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுதான் வேண்டும். திரையில் 1.1-உம் 2.9-உம் காட்டியவை சரக்கில் சமம். பிஎச் எண்ணை மட்டும் பார்த்து எவ்வளவு காரம் சேர்க்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

தரம்பார்த்தலில் (அளந்து காரம் சேர்த்து அமிலத்தின் அளவைக் கண்டறிவதில்) மீட்டரை வைத்துக்கொண்டு துளித்துளியாகக் காரம் விடுவது நல்ல அனுபவம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 12.5 மில்லிலிட்டர் விட்டபோதும் எண் 1.6-ஐத் தாண்டியிருக்காது. 24.95-இல் 4, 25.05-இல் 10. இரண்டே துளியில் ஆறு அலகுத் தாவல். அசிட்டிக் அமிலத்தில் வளைவு வேறு மாதிரி: 12.5-இல் 4.7-ஐ ஒட்டி நிற்கும், அங்கே பல மில்லிலிட்டர் விட்டாலும் மெதுவாகத்தான் நகரும், முடிவுப்புள்ளி (அமிலம் முழுவதும் காரத்தோடு தீரும் இடம்) 8.7-இல் வரும். அந்த 4.7 அமிலத்தின் பிரிகைத் திறனோடு ஒட்டி நிற்கும் எண். மீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க இலவசமாகக் கிடைத்த இன்னொரு சோதனை. முடிவுப்புள்ளிக்கு அருகில் பேனா மீட்டர் திணறும். எண் நிலைக்க 20, 30 நொடி எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு அடுத்த துளியை விட்டால் தாண்டிப்போவீர்கள்.

தாங்கலின் வேலையையும் இதே மீட்டர் அழகாகக் காட்டும். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிடேட்டும் தலா 0.1 மோலார் உள்ள 100 மில்லிலிட்டர் கரைசலில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லிலிட்டர் விட்டால் 0.1-கூட இறங்காது. அதே 1 மில்லிலிட்டரை வெறும் வடிநீரில் விட்டால் 2-க்கு விழும்.

இந்தச் சோதனைகளுக்குப் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி, கையுறை அவசியம். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு பார்வைக்கு வெறும் தண்ணீர். கண்ணில் பட்டால் தண்ணீர் இல்லை. அடர் அமிலத்தை நீர்க்கும்போது எப்போதும் நீரில்தான் அமிலம்.

எங்கே கவிழ்கிறது

வடிநீரில். விமர்சனப் பக்கங்களில் 'மீட்டர் கெட்டுப்போய் வந்தது, வடிநீரில் 5.8 காட்டுகிறது' என்ற புகாரை அடிக்கடி காணலாம். மீட்டர்மேல் குற்றமில்லை. திறந்து வைத்த வடிநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு 5.6, 5.7 வரை இறங்குவது இயல்பு. அதோடு அயனிகளே இல்லாத நீரில் மின்சுற்று மெலிந்துபோய் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். 100 மில்லிலிட்டருக்குத் தூய பொட்டாசியம் குளோரைடின் நிறைகரைசல் (இனிமேல் கரையாது என்னும் அளவு கரைத்தது) சில துளி சேர்த்தால் பிஎச்சை அதிகம் மாற்றாமல் எண் நிலைக்கும். வடிநீரில் அளவு பார்த்து மீட்டரைத் திருத்த முயல்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று வலுவான காரம். பிஎச் 12-ஐத் தாண்டி, சோடியம் அயனியும் நிறைய இருந்தால் கண்ணாடி சோடியத்தையே ஹைட்ரஜன் என்று நினைத்துக்கொண்டு எண்ணைக் குறைத்துக் காட்டும். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 13-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பேனா மீட்டர் அதற்குக் கீழேயே நின்றுவிடலாம். மேல் முனையைச் சரிபார்க்கச் சுண்ணாம்பு நீர் உதவும்: அடியில் கரையாத சுண்ணாம்பு தங்கியிருக்கும் தெளிந்த கரைசல் 25 டிகிரியில் 12.4 காட்ட வேண்டும். குமிழை அதில் நீண்ட நேரம் ஊறவிடாதீர்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே தின்றுவிடும். அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

தாளா, மீட்டரா?

பிஎச் தாளுக்கு அளவுதிருத்தமும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். ஓர் அலகு, நல்ல தாளில் அரை அலகு வரை சொல்லும். அமிலமா காரமா என்று மட்டும் தெரிந்தால் போதுமானால் மீட்டர் வீண்செலவு. ஆனால் தாளிலுள்ள சாயமே ஒரு வலுக்குறைந்த அமிலம்தான். தாங்கும் திறன் இல்லாத மென்னீரில் முக்கினால் சாயம் தன் பிஎச்சை நீருக்கு ஏற்றிவிடும். குளோரின் சலவைத் திரவம் சாயத்தையே வெளுத்துவிடும். நிறமுள்ள திரவத்தில் ஒப்பிட வழியில்லை. பினாப்தலீன் சாயம் 8.2-க்கு மேல் இளஞ்சிவப்பாவது எல்லாருக்கும் தெரியும். மிக வலுவான காரத்தில் அந்த நிறம் மெல்ல மறைந்துபோவது பலருக்கும் தெரியாது. நிறம் இல்லை, எனவே காரம் இல்லை என்று அங்கே முடிவுகட்டினால் ஆபத்து.

பராமரிப்பு

வாங்கியவுடன் மூடியில் உள்ள பஞ்சைப் பாருங்கள். உலர்ந்த மூடியோடு வரும் மீட்டர்கள் நிறைய. குமிழின் வெளிப்பரப்பில் ஈரமான ஒரு மெல்லிய படலம் இருந்தால்தான் அயனிப் பரிமாற்றம் நடக்கும். காய்ந்து வந்ததை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஓர் இரவு ஊறவைத்துப் பிறகே திருத்துங்கள். கரைசலை நீங்களே செய்துகொள்ளலாம்: 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடை வடிநீரில் கரைத்து மொத்தம் 100 மில்லிலிட்டராக்க வேண்டும். மூடிக்குள் சில துளி எப்போதும் இருக்கட்டும். வடிநீரில் மட்டும் சேமிக்கக் கூடாது. குமிழின் கண்ணாடிப் படலத்திலும் சந்தியிலும் உள்ள அயனிகளை அது மெல்ல உறிஞ்சிவிடும். கையேடு வேறு மாதிரி சொன்னாலும் இதுதான் சரி. மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிவது பொட்டாசியம் குளோரைடு உப்புதான், கழுவினால் போய்விடும்.

எண் மந்தமாக வந்தால்: எண்ணெய்ப் பிசுக்கு என்றால் மென்மையான சோப்பு நீர், சுண்ணப் படிவு என்றால் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 15 நிமிடம், புரதப் படிவு என்றால் பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதி) கலந்த அமிலக் கரைசல். எதுவானாலும் பிறகு அலசி, சேமிப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மீண்டும் அளவுதிருத்தம்.

இந்த வகையின் பெரிய குறை ஒன்றுதான்: பெரும்பாலான மாடல்களில் மின்முனையை மாற்ற முடியாது. குமிழின் ஆயுள் ஓராண்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டாண்டு. பெட்டியில் சும்மா கிடந்தாலும் அது முதுமையடைந்துகொண்டேதான் இருக்கும். பிறகு திரையும் சில்லும் நன்றாக இருந்தும் மொத்தப் பேனாவையும் எறிய வேண்டியிருக்கிறது. மின்முனையைத் திருகிக் கழற்றும் மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள், மாற்று மின்முனை தனியாக விற்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு.

வகுப்பறைச் சோதனை, நீர்த்தொட்டி, செடிகளுக்கான ஊட்டக் கரைசல், சோப்பு செய்பவர்களின் உத்தேச அளவு ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். 0.02-க்குள் முடிவு சொல்ல வேண்டிய வேலை, மிகத் தூய நீர், பிஎச் 12-க்கு மேற்பட்ட காரம் என்றால் தனி மின்முனையும் மில்லிவோல்ட் காட்டும் வசதியும் உள்ள மேசை மீட்டரைப் பாருங்கள். அப்போதும் தாங்கல் புட்டியில் திறந்த தேதியை எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.